மாநில வரவு செலவுக் கணக்கு: ஒருமுறை வரும் பணத்தை நம்பக்கூடாது

ஆண்டு இறுதியில் ஷா ஆலாமில் சிலாங்கூர் மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தவுடன் தோட்டப்புற ஊரான பெஸ்தாரி ஜெயாவில் எழும் முதல் கேள்வி, "நம்ம ஊருக்கு எவ்வளவு?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில் ஓராண்டுக்கு மட்டுமே. கொடுத்ததைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கிப் பிடிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. நீண்ட காலத் திட்டமிடலில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் மாநிலத்தின் வருமானத்தைப் பார்ப்போம். வருமான வரி, சுங்க வரி எல்லாம் கூட்டரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, போய்விடும். மாநிலத்துக்கு மிஞ்சுவது நிலம், காடு, சுரங்கம், அப்புறம் சில கட்டணங்கள். நிலத்திலிருந்து இரண்டு விதமாகப் பணம் வருகிறது. நிலவரி ஆண்டுதோறும் வரும். பிரீமியம் ஒரே ஒருமுறைதான் வரும். செம்பனைத் தோட்டத்தை வீடமைப்பு நிலமாக மாற்றும்போது கட்டுவது இந்தப் பிரீமியம். இரண்டு மூன்று தோட்டங்கள் ஒரே ஆண்டில் இப்படி மாறினால் மாநிலத்தின் வருமானம் திடீரென்று வீங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு நிரந்தர உதவித் திட்டங்களையும் புதிய பதவிகளையும் அறிவிப்பதுதான் தவறுகளிலேயே பெரியது. அதே நிலத்துக்கு அடுத்த ஆண்டும் யாரும் பிரீமியம் கட்டப்போவதில்லை. ஆனால் அறிவித்த சம்பளத்தை மாதாமாதம் கொடுத்தாக வேண்டும்.

தோட்டப்புற ஊர்களுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. தோட்டம் தோட்டமாக இருந்தவரை உள்சாலை, கால்வாய், லயன் வீடுகளின் குப்பை எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. நிலம் மாறியதும் சாலையும் கால்வாயும் தெருவிளக்கும் பொதுப்பொறுப்பாகிவிடுகின்றன. வரவு ஒருமுறை, செலவு காலத்துக்கும். நிலவரி கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் புதிய வீடுகளின் மதிப்பீட்டு வரி நகராண்மைக் கழகத்துக்குப் போகுமே தவிர, மாநிலக் கருவூலத்துக்கு அல்ல. என்னைக் கேட்டால், பிரீமியப் பணத்தை வெள்ளத் தடுப்பு, பள்ளிக்கோ வீடமைப்புக்கோ நிலம் ஒதுக்குவது போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கும் மாநிலத்தின் சேமநிதிக்கும் மட்டுமே தொட வேண்டும்.

பெஸ்தாரி ஜெயா, அதாவது நம் பெரியவர்கள் சொல்லும் பத்தாங் பெர்ஜுந்தை, இந்தப் பாடத்தை ஏற்கெனவே பார்த்த ஊர். இங்கே ஈயம் வாரும் கப்பல்கள் ஓடின. 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. நாடு முழுக்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஈய ஏற்றுமதி வரியில் குறைந்தது 10 விழுக்காடு, அதை உற்பத்தி செய்யும் மாநிலத்துக்கு என்று அரசியலமைப்பே சொல்கிறது. சட்டம் அப்படியே இருக்கிறது, வரிதான் வற்றிப்போனது.

அடுத்து, "மக்கள்தொகை கூடினால் கூட்டரசு மானியமும் கூடும்" என்ற நம்பிக்கை. கூடும், ஆனால் எவ்வளவு? 2002இல் திருத்திய விகிதப்படி முதல் 100,000 பேருக்குத் தலைக்கு 72 ரிங்கிட். அடுத்த 500,000 பேருக்கு 10.20, அதற்கடுத்த 500,000 பேருக்கு 10.80, மீதிப் பேருக்கு 11.40. சிலாங்கூர் அளவுக்குப் பெரிய மாநிலத்தில் புதிதாகக் குடியேறும் ஒருவரால் ஆண்டுக்குக் கிடைப்பது 11 ரிங்கிட் 40 சென். அவர் வீட்டு வாசல் கால்வாயைத் தூர்வாரக்கூட அது போதாது.

சரி, கடன் வாங்கலாமே என்பார்கள். அரசியலமைப்பின் 111ஆவது விதி அந்தக் கதவைப் பாதி மூடிவைத்திருக்கிறது. மாநிலம் கூட்டரசிடம் கடன் வாங்கலாம். கூட்டரசு ஒப்புதல் தந்த வங்கியிடமும் வாங்கலாம், ஆனால் ஐந்தாண்டுக்கு மேல் தவணை கிடையாது. முப்பது ஆண்டு உழைக்கும் பாலத்தை ஐந்தாண்டுத் தவணையில் கட்டி முடிக்க முடியாது. அதனால்தான் சேமநிதி இவ்வளவு முக்கியம்.

பராமரிப்பை மறப்பது அடுத்த தவறு. பல்நோக்கு மண்டபம் கட்ட ஒதுக்கீடு வரும், திறப்பு விழா நடக்கும், கல்வெட்டும் வைப்பார்கள். ஐந்தாறு ஆண்டில் கூரை ஒழுகும், மேடைக்கு மேலிருக்கும் மின்விசிறி நின்றுவிடும், கழிப்பறைக் கதவு கழன்று தொங்கும். கட்டும் செலவுக்கு ஒரு வரி எழுதியவர்கள் கூரைக்கும் மின்கட்டணத்துக்கும் ஒரு வரியும் எழுதவில்லை. செம்பனை சுமார் 25 ஆண்டில் மறுநடவுக்கு வரும், நட்ட பிறகு மூன்று ஆண்டு போலக் காய்ப்பு இருக்காது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். காய்க்கிற காலத்திலேயே அதற்குப் பணம் எடுத்துவைப்பார்கள். மண்டபத்துக்கும் அந்தக் கணக்கு வேண்டும்.

உதவித் திட்டங்களில் தொடக்கத்தை விடச் சுருக்குவதுதான் கடினம். சிலாங்கூரில் 2008இல் மாதம் 20 கன மீட்டர் தண்ணீரை வீடுகளுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2020இல் அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. ஏழை வீட்டுக்குத் தண்ணீர் கொடுப்பது நல்ல செலவு, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. யாருக்குக் கொடுப்பது, பத்தாண்டில் எவ்வளவு ஆகும் என்பதை முதல் நாளே எழுதிவைத்திருந்தால், பிறகு நிறுத்தும்போது வரும் மனவருத்தம் குறைந்திருக்கும்.

ஐந்தாண்டுத் திட்டத்தையே நீண்ட காலத் திட்டம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. 2021 முதல் 2025 வரை முதலாவது சிலாங்கூர் திட்டம் ஓடியது. இடையில் 2023இல் மாநிலத் தேர்தலும் வந்தது. ஐந்தாண்டு என்பது ஒரு சாலை பழுதாகும் காலம்கூட இல்லை.

கடைசியாக, தோட்டப்புற மக்கள் நாமே கவனிக்க வேண்டிய ஒன்று. சாலை மானியத்தைக் கூட்டரசு கிலோமீட்டர் கணக்கில் மாநிலத்துக்குக் கொடுக்கிறது. அந்தச் சாலை மாரிஸ் (MARRIS) என்ற அரசாங்கச் சாலைப் பதிவேட்டில் இருந்தால்தான் கணக்கில் வரும். தோட்ட நிறுவனத்தின் பழைய சாலை, மேலே தார் போட்டிருந்தாலும், பதிவாகாதவரை தனியார் சாலைதான். சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கும்போது "சாலை போட்டுக் கொடுங்கள்" என்பதோடு நிறுத்தாதீர்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, அரசுக்கு ஒப்படைக்கப்பட்டதா, மாரிஸில் எப்போது ஏறும் என்று மூன்று வரி சேர்த்து எழுதி, நகல் ஒன்றை மாவட்ட நில அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பட்ஜெட் நவம்பரில் என்றால் மனு ஜூலைக்குள் போய்ச் சேர வேண்டும்.