ஸ்வெட்டர் பின்னத் தொடங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையால் பின்னிய ஸ்வெட்டர் ஒன்று யாருக்கும் பொருந்தாமல் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விட்டால், பின்னியவரின் கை சரியில்லை என்று சொல்லிவிடுவது வழக்கம். கை பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். நழுவிய கண்ணியை, அதாவது பின்னலின் ஒரு நூல் வளையத்தை, கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் சில நிமிடங்களில் மீண்டும் ஏற்றிவிடலாம். நான்கு வரிசைக்கு முன் நேர்ந்த பிழையைப் பிரித்துத் திருத்திவிடலாம். ஆனால் நூல் வாங்கிய நாளிலும், அளவு பார்க்க முன்கூட்டிப் பின்னும் மாதிரித் துண்டை அவசரமாக அளந்த மாலையிலும், அணியப்போகிறவரின் மார்புச் சுற்றளவை மட்டும் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொண்ட வேளையிலும் நடந்த தவறுகள் தெரியவரும்போது முதுகுப் பாகம் முடிந்து கைப்பாகமும் பாதி ஏறியிருக்கும். ஆகவே இங்கே பேசப்படுவதெல்லாம் ஊசியில் முதல் கண்ணி ஏறும் வரையிலான நாள்களைப் பற்றியே.

நிறத்தையும் மென்மையையும் மட்டும் பார்த்து நூல் வாங்குவதிலிருந்து தொடங்கலாம். ஸ்வெட்டர் எந்த ஊரில் அணியப்படும், அதை யார் எப்படித் துவைப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் கடைக்குப் போகக் கூடாது. உதகையில் உறைபனி விழும் மாதங்களிலும் நண்பகல் வெயில் உறைக்கும். பொழுது சாய்ந்ததும் குளிர் சட்டென்று இறங்கும். அங்கே போடவும் கழற்றவும் எளிதான, முன்பக்கம் திறந்த, நடுத்தர நூலில் பின்னிய கார்டிகன் நாள் முழுவதும் பயன்படும். தலைவழியாகப் போடும் தடித்த ஸ்வெட்டரோ காலை பத்து மணிக்கே கழன்றுவிடும். டொராண்டோவில் வசிக்கும் மகளுக்குப் பின்னுகிற தாய் அந்த ஊரின் பனியை மட்டும் நினைத்து மிகத் தடித்த நூலை வாங்குகிறார். அங்கே வீட்டுக்குள் சூடேற்றி ஓடிக்கொண்டிருக்கும். வெளியே போகும்போது மேலே கோட்டு உண்டு. கோட்டின் கைக்குள் நுழையாத ஸ்வெட்டர் வீட்டிலும் ஆகாது, வெளியிலும் ஆகாது.

துவைப்பதைப் பொறுத்தவரை இழையின் இயல்பு முக்கியம். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. வெந்நீரும் உரசலும் சேரும்போது அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு துணி சுருங்கி இறுகிவிடும். சலவை இயந்திரத்தை நம்பி வாழும் வீட்டுக்குச் செதில்களை வேதிமுறையில் மழுக்கிய சூப்பர்வாஷ் நூல்தான் ஏற்றது. ஆனால் அது நனைந்தவுடன் நீளும் குணமுள்ளது என்பதைப் பின்னால் அளவெடுக்கும்போது மறக்கக் கூடாது. அக்ரிலிக்கைத் துவைப்பது எளிது, ஆயினும் சூடான இஸ்திரிப் பெட்டி ஒரு முறை பட்டால் போதும், இழை நெகிழ்ந்து துவண்டு, பிறகு எதற்கும் மீளாது. பருத்தி நூலுக்குக் கனம் அதிகம், நெகிழ்ச்சி குறைவு; பின்னிய உடை தன் எடையாலேயே கீழ்நோக்கி நீளும். அரிப்பைப் பற்றியும் ஒரு சொல்: ஏறத்தாழ 30 மைக்ரானைவிடத் தடித்த இழைகளின் முனைகள் வளையாமல் தோலைக் குத்துகின்றன. நம் நாட்டுச் செம்மறியாடுகளின் கம்பளியில் பெரும்பகுதி தரைவிரிப்புக்கே ஏற்ற முரட்டு வகை என்பதால், கையில் மென்மையாகத் தோன்றினாலும் நூலைக் கழுத்தோரத்தில் சிறிது நேரம் வைத்துப் பார்த்த பின்பே வாங்க வேண்டும். உள்ளங்கை இதற்கு நம்பத்தக்க சாட்சி இல்லை.

நூலைக் கிராம் கணக்கில் வாங்குவது பரவலான இன்னொரு தவறு. பின்னல் நீளத்தைத்தான் உண்கிறது, எடையை அல்ல. டிகே என்னும் நடுத்தரத் தடிமனில் 100 கிராம் அக்ரிலிக் ஏறத்தாழ 290 மீட்டர் வரும். அதே எடைப் பருத்தி 210 மீட்டர் அளவில் நின்றுவிடும். ஒரு ஸ்வெட்டருக்கு 1,200 மீட்டர் தேவை என்றால் அக்ரிலிக்கில் 500 கிராம் வாங்கினாலே மிஞ்சும். பருத்தியில் அதே 500 கிராம் வாங்கியவருக்கு இரண்டாவது கை முடியும் முன்பே நூல் தீர்ந்துவிடும். அப்போது கடைக்கு ஓடினால் அதே ஷேட் எண் கிடைக்கும், அதே லாட் எண் கிடைக்காது. ஒரே நிறமே ஆனாலும் வெவ்வேறு தொட்டியில் சாயமேறிய நூல்கள், விளக்கொளியில் ஒன்றாகத் தெரிந்து, பகல் வெளிச்சத்தில் நெஞ்சின் குறுக்கே கோடு போட்டுக் காட்டிவிடும். எனவே கணக்கிட்ட நீளத்துக்கு மேல் ஓர் உருண்டை சேர்த்து, எல்லா உருண்டைகளின் லாட் எண்ணையும் கடையிலேயே ஒப்பிட்டு வாங்க வேண்டும். கையால் சாயமிட்ட நூலில் லாட் ஒன்றாக இருந்தாலும் உருண்டைக்கு உருண்டை நிறம் மாறும். அங்கே இரண்டு உருண்டைகளை இரண்டிரண்டு வரிசைகளாக மாற்றி மாற்றிப் பின்னுவதற்குத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும். லேபிளில் உள்ள பிளை எண்ணைத் தடிமன் என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்தானது. பிளை என்பது எத்தனை புரிகள் சேர்த்து முறுக்கப்பட்டன என்பதையே சொல்லும்; ஆனால் ஆஸ்திரேலியப் பேட்டர்ன்களில் (பின்னல் செய்முறைக் குறிப்புகளில்) அது தடிமனின் பெயராகவே வழங்குகிறது, அங்கே 8 பிளை என்றால் டிகே என்று பொருள்.

ஊசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகள் பலவற்றில் பழைய பிரிட்டிஷ் எண்களே உள்ளன; அந்த முறையில் எண் கூடக்கூட ஊசி மெலிந்துகொண்டே போகும். அமெரிக்க முறை இதற்கு நேர்மாறானது. பிரிட்டிஷ் 10 என்பது 3.25 மில்லிமீட்டர், அமெரிக்க 10 என்பது 6 மில்லிமீட்டர். இணையத்தில் எடுத்த அமெரிக்கப் பேட்டர்னை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் பத்தாம் எண் ஊசி கேட்பவருக்குக் கிடைப்பது பொம்மைச் சட்டை பின்னும் ஊசியாக இருக்கலாம். எண்ணை மறந்து, மில்லிமீட்டரை மட்டும் கேளுங்கள்.

இனி மாதிரித் துண்டு. ஆயத்த வேலைகளில் பெரும்பாலோர் தாண்டிச் செல்ல விரும்புவது இதைத்தான். ஆகவே அதிகத் தண்டனை கிடைப்பதும் இதில்தான். டிகே நூலுக்கு வழக்கமான அளவு, 4 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகளும் 28 வரிசைகளும். மார்புச் சுற்று 100 சென்டிமீட்டர் வர வேண்டிய ஸ்வெட்டருக்குப் பேட்டர்ன் 220 கண்ணிகள் சொல்லும். உங்கள் கை சற்று இறுக்கமானது, 10 சென்டிமீட்டருக்கு 24 கண்ணிகள் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம்: அதே 220 கண்ணிகள் 92 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வரும். தளர்வான கையால் 20 கண்ணிகள் விழுந்தால் 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். மாதிரித் துண்டில் இரண்டு கண்ணி வேறுபாடு கண்ணுக்கே தெரியாத சிறு விஷயம். உடம்பில் அதுவே இரண்டு சைஸ் வேறுபாடு.

துண்டு பின்னாதவரைவிட, தவறாகப் பின்னியவரே அதிகம் ஏமாறுகிறார், ஏனென்றால் அவர் கையில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை அவர் நம்புகிறார். இருபது கண்ணிகள் மட்டும் ஏற்றி, பத்து வரிசை பின்னி, ஊசியிலிருந்து இறக்காமலேயே ஓரத்திலிருந்து ஓரம் வரை அளப்பது இத்தகைய ஏமாற்றின் முழு வடிவம். ஓரக் கண்ணிகள் எப்போதும் உருக்குலைந்திருக்கும். ஊசியில் நிற்கும் வரிசை விரிந்து காட்டும். ஒரு வரிசை நிட் (நேர்ப்பின்னல்), மறு வரிசை பர்ல் (அதன் எதிர்ப்பக்கப் பின்னல்) என வரும் பின்னல் ஓரங்களில் சுருண்டுகொள்ளும். குறைந்தது 15 சென்டிமீட்டர் சதுரமாகப் பின்னி, நான்கு ஓரங்களிலும் இரு பக்கமும் நிட் வரும் கரை வைத்து, நடுவில் உள்ள 10 சென்டிமீட்டரை மூன்று இடங்களில் அளந்து பார்க்க வேண்டும். அரைக் கண்ணியை விட்டுவிடக் கூடாது. மேலே சொன்ன 220 கண்ணிகளில் அந்த அரைக் கண்ணி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விழுங்கிவிடும்.

அளக்கும் முன் துண்டைத் துவைக்க வேண்டும், அதுவும் முடிந்த ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப்போகிறோமோ அப்படியே. நனைத்து, துவாலையில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாக விரித்து, முற்றிலும் உலர்ந்த பிறகு அளந்ததே உண்மையான அளவு. சூப்பர்வாஷ் நூலில் துவைக்கும் முன் எடுத்த அளவுக்கும் பின் எடுத்த அளவுக்கும் இடையே ஒரு சைஸ் வேறுபாடே வந்துவிடலாம். மழைக்காலத்தில் துண்டு உலர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாள் பொறுக்காமல் மின்விசிறியின் கீழ் அரை ஈரத்தோடு அளப்பவர்கள் உண்டு. அளந்த எண் பேட்டர்னோடு பொருந்தாவிட்டால் ஊசியை மாற்ற வேண்டுமே தவிர, கையை இறுக்கவோ தளர்த்தவோ முயலக் கூடாது. வலிந்து வரவழைத்த இறுக்கம் துண்டின் அளவுக்குத்தான் நீடிக்கும். தொலைக்காட்சி பார்த்தபடியே முதுகுப் பாகத்தின் எண்பதாவது வரிசையைப் பின்னும்போது கை தன் இயல்புக்குத் திரும்பிவிடும். ஊசியின் பொருளும் அளவை மாற்றும்: மூங்கில் நூலைப் பிடித்து வைக்கும், உலோகம் வழுக்கி விடும். மாதிரியை எந்த ஊசியில் பின்னினீர்களோ அதே ஊசியில்தான் ஸ்வெட்டரும் வளர வேண்டும்.

குழாய்போல் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னும் ஸ்வெட்டருக்குத் தட்டையாகப் பின்னிய துண்டு பொய் சொல்லும். வட்டத்தில் நிட் மட்டுமே வரும்; தட்டையில் பாதி வரிசைகள் பர்ல், பலருக்கும் பர்ல் வரிசை சற்றுத் தளர்ந்தே விழுகிறது. பிரிட்டனில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) இதற்கு அழகான வழி ஒன்று காட்டினார்: மாதிரியாக ஒரு தொப்பியைப் பின்னிவிடுவது. அளவும் கிடைக்கும், குளிர்காலத்துக்குத் தலைக்கும் ஒன்று ஆயிற்று. பேட்டர்னே இல்லாமல் பின்ன விரும்புவோருக்கு அவர் தந்த விகிதக் கணக்கும் இன்றுவரை பயன்படுகிறது. உடலின் கண்ணிகளை நூறு என்று கொண்டால் மணிக்கட்டில் ஏறத்தாழ 20, மேற்கையில் ஏறத்தாழ 33 முதல் 40 வரை, கழுத்தில் 40 என்று அது போகும்.

வரிசை எண்ணிக்கையை அலட்சியம் செய்யலாம் என்பது பாதி உண்மைதான். நேரான உடல் பாகத்தில் அளவுநாடா வைத்து நீளம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் ராக்லனில் (கழுத்திலிருந்து அக்குள் வரை கை சாய்வாக இணையும் வடிவத்தில்) தோள்பகுதியின் ஆழத்தை வரிசைகளே தீர்மானிக்கின்றன. அங்கே 56 வரிசைகள் 20 சென்டிமீட்டர் தர வேண்டும். உங்கள் கையில் 10 சென்டிமீட்டருக்கு 32 வரிசைகள் விழுமானால் 17.5 சென்டிமீட்டர்தான் கிடைக்கும், அக்குள் இறுக்கிப் பிடிக்கும்.

உடம்பை அளந்து அதே அளவில் பின்னுவதும் தவறே. பேட்டர்ன்களில் இரண்டு அளவுகள் இருக்கும்: யாருக்குப் பொருந்தும் என்பது ஒன்று, முடிந்த உடையின் சுற்றளவு மற்றொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தளர்வுதான் உடையின் குணம். உள்ளே ஒரு சட்டை அணிவோருக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் தளர்வு வசதியாக இருக்கும்; நாகரிகமான தொளதொள வடிவங்களில் 20 சென்டிமீட்டர் கூட விடுவார்கள். எவ்வளவு தளர்வு தனக்குப் பிடிக்கும் என்று யாரும் வாயால் சரியாகச் சொல்வதில்லை. அவர் அடிக்கடி விரும்பிப் போடும் ஸ்வெட்டரையோ முழுக்கைச் சட்டையையோ மேசையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், அக்குளிலிருந்து கீழ்க்கரை, அக்குளிலிருந்து மணிக்கட்டு, மேற்கையின் அகலம் என்று அளந்துகொள்வதே என் கருத்தில் மிக நம்பகமான முறை. வெளியூரில் இருப்பவரிடமும் இதையே செய்து படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். குழந்தைகளுக்குப் பின்னுவோர் கழுத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 48 சென்டிமீட்டர், மார்புச் சுற்றளவுக்கு அருகிலேயே நிற்கும். தோளில் பொத்தான் இல்லாத குறுகிய கழுத்து, உடையைக் குழந்தைக்கும் போட்டுவிடுகிறவருக்கும் பகையாக்கிவிடும்.

பேட்டர்னை முழுதும் படிக்காமல் தொடங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்தாறு சைஸ்களுக்கான எண்கள் ஒரே வரியில் அடுக்கியிருப்பதால், உங்கள் சைஸ் எண்ணை ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். ‘அதே சமயம்’ என்று தொடங்கும் வாக்கியம் எங்காவது இருக்கும். கைக்குழியைக் குறைத்துக்கொண்டு வரும்போதே கழுத்துக்கும் கண்ணிகளைப் பிரிக்கச் சொல்லும் அந்த வாக்கியம், அடுத்த பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே வழக்கம். உங்கள் அன்றாடத்தையும் அப்போதே எண்ணிப் பாருங்கள். பேருந்திலும், குழந்தையின் வீட்டுப்பாடத்துக்கு நடுவிலும், சமையல் கொதிக்கும் இடைவெளியிலும் பின்னுகிறவர் முப்பது வரிசைக்கு ஒரு முறை மாறும், கயிறுபோல் முறுக்கிய கேபிள் வடிவத்தை எடுத்தால் எண்ணிக்கை தப்புவது உறுதி. கறுப்பு, கருநீல நூல்களை இரவு விளக்கில் மட்டும் பின்னப்போகிறவர்களுக்கும் அதே எச்சரிக்கை.

நூல் உருண்டையாக இல்லாமல் வளையமாகக் கட்டிய சிட்டமாக வந்திருந்தால், அதன் கட்டுகளை அவிழ்க்கும் முன் நாற்காலி முதுகிலோ ஒருவர் கைகளிலோ மாட்டிவிட வேண்டும். கையில் வைத்தபடி வெட்டினால் மாலைப்பொழுது சிக்கெடுப்பதில் கழியும். உருண்டையை இறுக்கிச் சுற்றக் கூடாது. இழுபட்ட நிலையில் பின்னிய நூல் துவைத்ததும் தன் நீளத்துக்குத் திரும்பி அளவைச் சுருக்கும்.

கடைசியாக, கண்ணி ஏற்றுவது. நூல் முனையை நீண்ட வாலாக விட்டு ஏற்றும் முறையில் 220 கண்ணிகளுக்கு வால் எவ்வளவு வேண்டும் என்று கண்மட்டத்தில் விட்டவர்களுக்கு இருநூறைத் தாண்டியபின் நூல் தீர்வது சகஜம். இரண்டு உருண்டைகளின் முனைகளை முடிச்சிட்டு, ஒன்றை வாலாகவும் மற்றொன்றை ஓடும் நூலாகவும் வைத்து ஏற்றினால் அளவே தேவையில்லை. ஏற்றி முடித்ததும் ஒன்றை வெட்டிவிட்டு, முடிச்சை ஊசியிலிருந்து நழுவவிடலாம், அதைக் கண்ணியாக எண்ணாமல்.