எல்லா அழைப்பும் கெடாவிலிருந்தே வந்தது ஏன்?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்காக ஒரு ஏஜென்சியில் பதிந்திருந்தேன். வந்த அழைப்பெல்லாம் கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டார், ஜித்ரா பக்கம்தான். ரெசுமியை மாற்றினேன், முகவரியை மறுபடி பதிந்தேன், பலனில்லை. போன் போட்டால், “பொறுங்கண்ணே, வரும்” என்ற பதில்தான்.

அப்புறம் நேரில் போய், அவர்கள் கணினியில் என் விவரத்தைக் காட்டச் சொன்னேன். ‘விரும்பும் மாநிலம்’ என்ற கட்டத்தில் கெடா! என் பக்கத்தில் அந்தக் கட்டமே கிடையாது. ஐசி (அடையாள அட்டை) எண்ணின் நடுவிலுள்ள 02-ஐ வைத்துத் தானாக நிரம்பியிருக்கிறது. அது பிறந்த மாநிலத்துக்கான எண். குடியிருக்கும் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கெடாவுக்கு 02, பினாங்குக்கு 07. அங்கேயே மாற்ற வைத்தேன். அந்த வாரமே பாயான் லெப்பாஸில் இண்டர்வியூ. அப்பாடா!

வேலை போனவர்கள் பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் வேலை காப்புறுதிக்கு, வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். ஏஜென்சி அழைக்கட்டும் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம்.