நெல் விதைக்குப் பிளாஸ்மா: முளைப்பைச் சோதிக்கும் முறை

பிளாஸ்மா என்பது உயர் மின்னழுத்தத்தில் மின்னேறிய காற்று. உயிர் போன விதையை அது முளைக்க வைக்காது. உமியின் மேல்பரப்பில் தண்ணீர் எளிதில் ஒட்டும்படி மாற்றி, ஊறுவதை விரைவுபடுத்தும். கூடவே உண்டாகும் ஓசோன் மேலே ஒட்டிய பூஞ்சணத்தையும் குறைக்கும். சொர்ணவாரிக்கு (சித்திரையில் தொடங்கும் நெல் பருவம்) எடுத்து வைத்து, முளைப்பு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பழைய விதையில்தான் சோதிப்பதில் பொருள் உண்டு. 95 முளைக்கும் விதையில் ஏறுவதற்கு இடமே இல்லை.

10 லிட்டர் தண்ணீரில் 1.5 கிலோ உப்பைக் கரைத்து, மிதக்கும் பதரை அள்ளிவிடுங்கள். மூழ்கியதை மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, 12-13 சதவீத ஈரத்துக்கு நிழலில் உலர்த்துங்கள். எண்ணூர், பொன்னேரி பக்கத்துக் கடல்காற்றில் திறந்து வைத்தால் விதை மறுபடி ஈரம் இழுக்கும். சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வையுங்கள்.

கருவி எளிது, ஆபத்து பெரிது. 10 செ.மீ. சதுரத்தில் இரண்டு உலோகத் தகடுகள், நடுவே 2 மி.மீ. குவார்ட்ஸ் கண்ணாடி, 4 மி.மீ. காற்று இடைவெளி. இடைவெளியில் உள்ள காற்று மின்சாரத்தைக் கடத்திப் பிளாஸ்மாவாக மாற, மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட் வேண்டும். ஆகவே 4 மி.மீ.க்கு 12, கண்ணாடியின் பங்கையும் சேர்த்து 15 கிலோவோல்ட் அளவுக்கு மாறுமின்னழுத்தம் தேவைப்படும். இது ஆளைக் கொல்லும். உயர் மின்னழுத்த ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். கதவைத் திறந்தால் மின்சாரம் தானே நிற்க வேண்டும். நின்ற பிறகும் எர்த் கம்பியால் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும் என்பதால் எக்ஸாஸ்ட் விசிறி அதை வெளியே தள்ளட்டும். சன்னல் கண்ணாடி வேண்டாம், சூடேறி வெடிக்கும்.

விதையை அந்த இடைவெளியில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். 0, 30, 60, 120 விநாடி என நான்கு குழு, குழுவுக்கு 400 விதை. 15 விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, விதையைக் கலைத்துவிடுங்கள். அசையாமல் கிடந்தால் பொறி ஒரே இடத்தில் விழுந்து உமியில் கருப்புப் புள்ளி வரும், கரு வெந்துவிடும். தகடு 40 டிகிரியைத் தாண்டினால் ஆற விடுங்கள். இல்லாவிட்டால் மாற்றம் பிளாஸ்மாவாலா சூட்டாலா என்றே தெரியாது. நேரத்தைக் கூட்டக் கூட்டப் பலன் கூடும் என்று எண்ண வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் முளைப்பு விழும்.

அன்றே ஈரத்தாளில் நூறு நூறாகச் சுருட்டி, 25 டிகிரியில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஏசி அறை தேவைப்படும். மீஞ்சூர் பக்கத்துப் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கடல்நீர் ஏறிய உப்பே முளைப்பைக் குறைத்து முடிவைக் கெடுக்கும். கேன் தண்ணீர் போதும்.

5-ஆம் நாளும் 14-ஆம் நாளும் எண்ணுங்கள். வேரும் தண்டும் நேராக வந்த நாற்று மட்டுமே கணக்கு. 5-ஆம் நாள் கூடுதல், 14-ஆம் நாள் சமம் என்றால், கூடியது வேகம்தான், முளைப்பு அல்ல. நூற்றுக்கு இரண்டு மூன்று வித்தியாசம் தற்செயலாகவே வரும்; அதை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஏக்கருக்கு 24 கிலோ விதை வேண்டும். இந்தத் தகட்டில் ஒரு தடவைக்கு மூன்று நான்கு கிராம்தான் பிடிக்கும். வயலுக்கு இப்போதைக்கு உப்புக்கரைசலும் முளைப்புச் சோதனையும்தான் கை கொடுக்கும்.