காப்புறுதி இல்லாமலே உளவளத்துணை பெறும் வழி
இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை வரிப்பணத்தில் இலவசமாக வழங்கப்படுவதால், மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உளவளத்துணை தேடுபவருக்குக் காப்புறுதி தேவையில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். படுவான்கரை போன்ற தூர இடங்களில் வசிப்பவர்கள், அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ உளநலக் கிளினிக் எங்கே, எந்த நாளில் நடைபெறுகிறது என்று முன்கூட்டியே கேட்டறிந்தால் வீண் பஸ் செலவு மிச்சமாகும்.

மனம்விட்டுப் பேச மட்டும் விரும்புபவர்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைப் பற்றி விசாரிக்கலாம். அங்கே அயலவர், உறவினர் எவரேனும் எதிர்ப்படுவது ஏறக்குறைய நிச்சயம் என்பதால், தனியறையில் பேச வேண்டுமென முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கக் குறைவு எப்போது தொடங்கியது, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள். கிளினிக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள்.

அக்ரஹார காப்புறுதியுள்ள அரச ஊழியர்கள், தனியார் ஆலோசகருக்குப் பணம் செலுத்துமுன், அச்செலவு தமது திட்டத்தில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1990 அம்புலன்ஸ் சேவைக்கும் கட்டணமில்லை.