2பி பட்டியல் வழியாக வந்த வாடிக்கையாளர்கள்

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கும் சின்ன விசைத்தறிக்காரர்களுக்கும் கணக்கு எழுதுகிறேன். நோட்டீஸ் அடித்தும் விசிட்டிங் கார்டு நீட்டியும் புதிதாக யாரும் வரவில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் கணக்கை யார் கொடுப்பார்கள்?

வழி திறந்தது ஜிஎஸ்டியில்தான். 2022 ஜனவரியில் இருந்து, கொள்முதல் பில் 2பி-யில், அதாவது சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியலில், வந்தால்தான் அதன் உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கொடுத்த வரியை) கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியும். 2பி மாதம் 14ஆம் தேதி வரும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு, வரியைக் கட்டும் படிவமான 3பி-யின் கடைசி நாள் 20. அந்த இடைவெளியில் கணக்கு மென்பொருளான டேலியோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களைக் கடை முதலாளிக்கு அனுப்பிவிடுவதோடு பலரும் நிறுத்திக்கொள்வார்கள். நான் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சப்ளையருக்கே போன் செய்ய ஆரம்பித்தேன்.

"அண்ணா, உங்க பில்லுல எங்க ஜிஎஸ்டி நம்பர் தப்பா ஏறியிருக்குங்க. அடுத்து போடற விற்பனைக் கணக்குல, ஜிஎஸ்டிஆர்-1ல, திருத்தம் போடற 9ஏ அட்டவணையில திருத்திடுங்க."

சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து எடுத்தவர்கள் இறங்கி வந்தார்கள். எப்படித் திருத்துவது என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவேன். அடுத்த மாதம் அவர்களே, "எங்க கணக்கையும் பாத்துக்கறீங்களா?" என்றார்கள். இப்போது என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான்.

ஒன்று மட்டும் கறார். ஒரு கடையின் விற்பனைத் தொகை அடுத்த கடைக்காரர் காதுக்குப் போகக் கூடாது. டீக்கடையில் சும்மா கேட்பார்கள், அதிலும் பக்கத்துக் கடைக்காரர்தான் அதிகம் கேட்பார். ஆள் சேர்த்துவிட்டவருக்குக் கமிஷன் கிடையாது, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் உண்டு.