விண்டோஸ் மெஷின் பேரை அடிச்சா ஷேர் லிஸ்ட் வரலையா? மின்ட்ல ஜிவிஎஃப்எஸ் பேக்கேஜை நாமளே பேட்ச் பண்ணிக்கலாம்

லினக்ஸ் மின்ட்லயோ உபுண்டுலயோ ஃபைல் மேனேஜரைத் தொறந்து, மேல அட்ரஸ் பார்ல எஸ்எம்பி (விண்டோஸ் ஃபோல்டர் ஷேர் பண்ண பேசற மொழி) போட்டு பக்கத்து விண்டோஸ் மெஷினோட பேரை அடிச்சா, அதுல ஷேர் பண்ணிருக்கற ஃபோல்டரெல்லாம் வரிசையா வந்து நிக்கணும். அது வராம "ஃபெயில்ட் டு ரிட்ரீவ் ஷேர் லிஸ்ட் ஃப்ரம் சர்வர், இன்வேலிட் ஆர்கியுமென்ட்"னு ஒரு பெட்டி மட்டும் வருதுன்னா மேற்கொண்டு படிங்க. நீமோ, நாட்டிலஸ், காஜா, துனார் எதுவா இருந்தாலும் சரி, அடியில எல்லாத்துக்கும் நெட்ஒர்க் ஃபோல்டரைத் தொறந்து குடுக்கறது ஜிவிஎஃப்எஸ்ங்கற பேக்கேஜ்தான். அதோட சோர்ஸ் கோட்ல ஒரு வரியை மாத்தி (இதைத்தான் பேட்ச்னு சொல்றது) நாமளே திரும்ப பில்ட் பண்ணப் போறோம். கேடிஈ டால்ஃபின் வச்சிருக்கறவங்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அது வேற லைப்ரரி.

கமாண்டெல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கங்க, பெரிய எழுத்து வர்ற எடத்துல சொல்லிடறேன்.

மாயவரத்துல தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் கல்யாணப் பத்திரிகை அடிக்கற கடை வச்சிருக்காரு. முன்னாடி கவுன்டர்ல மின்ட் போட்ட பழைய மெஷின், உள்ள டிசைன் பண்ற பசங்களுக்கு விண்டோஸ் மெஷினுங்க, எல்லாத்துக்கும் ஆத்துப் பேருதான் வச்சிருக்காரு, கொள்ளிடம், வெண்ணாறு, குடமுருட்டின்னு. ஆவணி முகூர்த்த சமயம், கடையில நிக்க எடமில்ல, அப்பப் பாத்து போன் அடிக்கறாரு. "ஏந்தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் கொள்ளிடம் நல்லாத் தொறந்துச்சே, நெட்டுக்காரன் புது பாக்ஸ் மாட்டிட்டுப் போனதுலேந்து தொறக்க மாட்டேங்குதே, அவன் எதையாச்சும் புடுங்கி விட்டுட்டானா?" அப்படின்னாரு. அவன் ஒண்ணையும் புடுங்கல, ஆனா அண்ணன் சொன்னதுல பாதி உண்மை இருந்துச்சு, ரவுட்டர் மாறினதுதான் காரணம். எப்படின்னு கீழ வருது.

மொதல்ல உங்க கோளாறு இதே கோளாறுதானான்னு பாத்துக்கணும், பாக்காம பேட்ச்ல கைய வைக்காதீங்க. அட்ரஸ் பார்ல எஸ்எம்பி://கொள்ளிடம் அப்படின்னு பேரோட நிறுத்தினா எர்ரர் வரணும். அதே பேருக்குப் பின்னாடி ஷேர் பேரையும் சேத்து எஸ்எம்பி://கொள்ளிடம்/பத்திரிகை அப்படின்னு அடிச்சா ஜம்முனு தொறக்கணும். பேருக்குப் பதிலா அந்த மெஷினோட ஐபி அடிச்சாலும் லிஸ்ட் வரணும். டெர்மினல்ல எஸ்எம்பிகிளையன்ட், ஸ்பேஸ், ஹைஃபன் பெரிய எல், ஸ்பேஸ், கொள்ளிடம், ஸ்பேஸ், ஹைஃபன் பெரிய யு, ஸ்பேஸ், விண்டோஸ்ல இருக்கற யூசர் பேரு, இப்படி அடிச்சா பாஸ்வேர்ட் கேட்டுட்டு ஷேரெல்லாம் காட்டணும். கடைசியா, முக்கியமானது,

கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கொள்ளிடம்

இதுக்கு ஒண்ணுமே வராம வெறும் ப்ராம்ப்ட் திரும்பி வரணும். ஐபி நம்பர் வந்துச்சுன்னா உங்க பிரச்சனை வேற, பாஸ்வேர்டோ ஃபயர்வாலோ எதாவது இருக்கும், இத விட்டுடுங்க.

நம்ம லினக்ஸ்ல ஷேர் பண்ணின ஃபோல்டர் விண்டோஸ்காரங்களுக்குத் தொறக்கலைங்கறதும் வேற விஷயம், அதுக்கு பேட்ச் தேவையே இல்ல. உங்க யூசர் சாம்பாஷேர் குரூப்ல இருக்கணும், சேத்த பிறகு லாக்அவுட் பண்ணிட்டு வரணும், எஸ்எம்பிபாஸ்டபிள்யுடி கமாண்ட்ல ஹைஃபன் ஏ போட்டு சாம்பாவுக்குன்னு (லினக்ஸ்ல எஸ்எம்பி பேசற சாஃப்ட்வேர்) தனியா பாஸ்வேர்ட் வைக்கணும், யுஎஃப்டபிள்யு ஃபயர்வால் ஓடிச்சுன்னா அதுல சாம்பாவை அலவ் பண்ணணும். பாஸ்வேர்ட் இல்லாம கெஸ்டா விடணும்னு நெனைச்சா ரெண்டு தடை இருக்கு, உபுண்டு 21.04லேந்து புதுசா உண்டாக்கற ஹோம் ஃபோல்டர் 750 பெர்மிஷன்ல இருக்கறதால கெஸ்ட் உள்ளயே நுழைய முடியாது, விண்டோஸ் 11 ப்ரோல 24எச்2 வெர்ஷன் வந்த பிறகு அந்தப் பக்கமும் கெஸ்டை ஏத்துக்காது. கடைன்னு இருந்தா பாஸ்வேர்ட் வச்சே பழகிடுங்க.

இப்ப காரணத்துக்கு வருவோம். எஸ்எம்பிங்கறதுல பழைய வெர்ஷன் 1, அதைத்தான் சாம்பாக்காரங்க என்டி1னு சொல்லுவாங்க. 2017 மே மாசம் வான்னாக்ரை உலகம் பூரா மெஷினை லாக் பண்ணிச்சே, அது பரவினது இந்த வெர்ஷன் 1ல விண்டோஸ்ல இருந்த ஓட்டை வழியாத்தான். அந்த வருஷக் கடைசியில வந்த விண்டோஸ் 10 1709லேந்து புதுசா இன்ஸ்டால் பண்ணினா ஷேர் குடுக்கற எஸ்எம்பி1 சர்வர் பகுதி சேந்து வராது, சாம்பாவும் 2019ல 4.11 வெர்ஷன்ல "கொறைஞ்சது எஸ்எம்பி2"ன்னு டீஃபால்ட்டை மாத்திடுச்சு. ரெண்டுமே நல்ல முடிவுதான்.

ஆனா பழைய ஒர்க்குரூப் (ஒரு பேர்ல சேத்து வச்ச மெஷினுங்க கூட்டம்) லிஸ்ட் எடுக்கறது எஸ்எம்பி1 இருந்தாத்தான் நடக்கும். அதனால ஜிவிஎஃப்எஸ்ல ஒரு சமாளிப்பு எழுதி வச்சிருக்காங்க, நீங்க அடிச்ச பேரை எடுத்து, பேருக்கு ஐபி கண்டுபிடிச்சுக் குடுக்கற சிஸ்டம் ரிசால்வர்கிட்ட கேக்கும், ஐபி கெடைச்சா அது மெஷின், சாதாரணமா பேசும், கெடைக்கலைன்னா அது ஒர்க்குரூப் பேரா இருக்கலாம்னு நெனைச்சுக்கிட்டு என்டி1க்கு மேல போகாதேன்னு கட்டாயப்படுத்திடும். சாம்பா செட்டிங்ல கொறைஞ்சது 2, ஜிவிஎஃப்எஸ் சொல்றது அதிகபட்சம் 1, ரெண்டையும் ஒண்ணா வச்சா எந்த வெர்ஷன்ல பேசறது? அதான் "இன்வேலிட் ஆர்கியுமென்ட்". அந்தப் பக்கம் இருக்கற விண்டோஸ்கிட்ட இன்னும் போய்ச் சேரவே இல்ல, நம்ம மெஷினுக்குள்ளயே முடிஞ்சு போச்சு.

அண்ணன் கடையில இருந்த பழைய ரவுட்டர் டிஎச்சிபில ஐபி குடுக்கும்போதே மெஷின் பேரையும் ஞாபகம் வச்சுக்கிட்டு, யாராச்சும் கொள்ளிடம் எங்கன்னு கேட்டா டிஎன்எஸ்ல பதில் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. புது பாக்ஸ் அந்த வேலையைப் பாக்கல. எஸ்எம்பிகிளையன்ட் மட்டும் ஏன் தொறக்குதுன்னா அது நெட்பயாஸ்ங்கற விண்டோஸோட பழைய பேர் தேடற முறை வழியாவும் பேரைத் தேடும், ஜிவிஎஃப்எஸ் கேக்கற ரிசால்வருக்கு அந்த வழி தெரியாது. ஒரே மின்ட், ஒரே வெர்ஷன், ஒரு வீட்ல தொறக்குது இன்னொரு கடையில தொறக்கலைன்னு தலைய பிச்சுக்கறாங்களே, பெரும்பாலும் இதுதான்.

இதுக்கு எல்லாரும் சொல்ற வைத்தியம், எஸ்எம்பி டாட் கான்ஃப் ஃபைல்ல குளோபல் பகுதியில "கிளையன்ட் மின் ப்ரோட்டோகால்" என்டி1னு போடறது. எனக்கு அது பிடிக்கல. எர்ரர் மாறும், ஆனா எதிர்ல இருக்கற விண்டோஸ்ல எஸ்எம்பி1 இல்லைன்னா லிஸ்ட் அப்பவும் வராது, உடனே அங்கயும் எஸ்எம்பி1 ஆன் பண்ணுன்னு சொல்லுவாங்க, மூடின ஓட்டையை நாமளே தொறந்து விட்டாப்ல ஆயிடும்.

பேட்ச் இல்லாம முடியுமான்னா முடியும். பேருக்குப் பின்னாடி டாட் லோக்கல் சேத்து அடிச்சுப் பாருங்க, விண்டோஸ் 10க்கு மேலன்னா பெரும்பாலும் பதில் சொல்லும். ஒரே ஒரு விண்டோஸ் மெஷின்தான்னா ரவுட்டர்ல அதுக்கு ஐபியை ரிசர்வ் பண்ணிட்டு எட்சி ஃபோல்டர்ல ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல ஒரு வரி எழுதிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை, அதோட எந்திரிச்சு காபி குடிக்கப் போலாம். லிப்என்எஸ்எஸ் ஹைஃபன் வின்பைண்ட் போட்டு, என்எஸ்ஸ்விட்ச் டாட் கான்ஃப்ல ஹோஸ்ட்ஸ் வரியில டிஎன்எஸ்க்கு முன்னாடி வின்ஸ்னு சேக்கறதும் ஒரு வழி, ஆனா வின்பைண்ட் சர்வீஸ் பொழுதன்னிக்கும் ஓடிக்கிட்டு இருக்கணும். டிசைன் பசங்க லேப்டாப் தூக்கிட்டு வர்றதும் போறதுமா இருந்து, கவுன்டர்ல ஒக்கார்றவங்களுக்கு பேரை அடிக்கறதத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னா, அப்பத்தான் பேட்ச் லாபம்.

ஆரம்பிக்கலாம். மின்ட்ல சாஃப்ட்வேர் சோர்சஸ் தொறந்து "சோர்ஸ் கோட் ரெப்பாசிட்டரிஸ்"ங்கறத ஆன் பண்ணி கேஷை அப்டேட் பண்ணுங்க. உபுண்டு 24.04ல உபுண்டு டாட் சோர்சஸ் ஃபைல்ல டைப்ஸ்ங்கற வரியில டெப் பக்கத்துல டெப் ஹைஃபன் எஸ்ஆர்சி சேத்து சூடோ ஆப்ட் அப்டேட் குடுங்க. அப்புறம் இதெல்லாம் வரிசையா,

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட் ஹைஃபன் எசென்ஷியல் டெவ்ஸ்கிரிப்ட்ஸ்
சூடோ ஆப்ட் பில்ட் ஹைஃபன் டெப் ஜிவிஎஃப்எஸ்
ஆப்ட் சோர்ஸ் ஜிவிஎஃப்எஸ்

கடைசி வரிக்கு சூடோ போடாதீங்க, போட்டா ஃபைலெல்லாம் ரூட் பேர்ல வந்து ஒவ்வொண்ணுக்கும் பெர்மிஷன் கேட்டு அழணும். ஹோம்ல புதுசா ஒரு ஃபோல்டர் பண்ணி அதுக்குள்ள நின்னு அடிங்க. பில்ட் டெப் நெறைய டெவ் பேக்கேஜை இறக்கும், மொபைல் டேட்டால பண்றவங்க பாத்துக்கங்க. கையோட பழைய பேக்கேஜையும் ஆப்ட் டவுன்லோட் கமாண்ட்ல இறக்கி வேற ஃபோல்டர்ல வச்சிடுங்க, ஜிவிஎஃப்எஸ், அப்புறம் ஹைஃபன் போட்டு பேக்கெண்ட்ஸ், டீமன்ஸ், லிப்ஸ், காமன், ஃபியூஸ், இத்தனையும். திரும்பிப் போகணும்னா அது வேணும்.

ஜிவிஎஃப்எஸ்னு ஆரம்பிச்சு வெர்ஷன் நம்பரோட ஒரு ஃபோல்டர் வந்திருக்கும், அதுக்குள்ள போங்க. டீமன் ஃபோல்டர்ல ஜிவிஎஃப்எஸ்பேக்கெண்ட்எஸ்எம்பிபிரவுஸ் டாட் சி, எல்லாம் சேத்து ஒரே வார்த்தை, அதைத் தொறந்து பெரிய எழுத்துல என்டி1னு தேடுங்க. மேல கமென்ட்லயே சொல்லிருப்பாங்க, சர்வரை ரிசால்வ் பண்ண முடியலைன்னா என்டி1ஐ கட்டாயப்படுத்துன்னு. அதுக்குக் கீழ ஒரு இஃப் இருக்கும், அதுல ரெண்டு நிபந்தனை, சர்வர் பேரே குடுக்கல, இல்லைன்னா பேர் ரிசால்வ் ஆகல. ரெண்டாவது பாதியை மட்டும், நடுவுல இருக்கற ரெண்டு குத்துக்கோட்டோட சேத்து அழிங்க. மொத பாதியைத் தொடாதீங்க. வெர்ஷனுக்கு வெர்ஷன் வரி கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும், பிராக்கெட் சரியா மூடியிருக்கான்னு ஒருக்கா பாத்துட்டு சேவ் பண்ணுங்க. தேடினா என்டி1ங்கறதே அந்த ஃபைல்ல இல்லைன்னா உங்க வெர்ஷன்ல இந்தச் சமாளிப்பு இல்ல, பேட்ச் வேண்டாம்.

இதனால ஒண்ணு போகும், அதையும் சொல்லிடறேன். நெட்ஒர்க்ல ஒர்க்குரூப் பேரை கிளிக் பண்ணி உள்ள போற பழைய வழக்கம் இருந்தா அது இனிமே நடக்காது. எக்ஸ்பி மெஷினோ எஸ்எம்பி1 மட்டும் பேசற பழைய என்ஏஎஸ் (நெட்ஒர்க்ல மாட்டற ஹார்ட்டிஸ்க்) பெட்டியோ இன்னும் ஓடுற எடத்துல இந்தப் பேட்சைப் போடாதீங்க.

அடுத்தது,

டிபிகேஜி ஹைஃபன் சோர்ஸ், ஸ்பேஸ், ரெண்டு ஹைஃபன் கமிட்

பேட்சுக்கு என்ன பேருன்னு கேக்கும், குடுங்க, எடிட்டர் தொறக்கும், என்னத்துக்கு மாத்தினோம்னு ஒரு வரி எழுதி சேவ் பண்ணுங்க. பைனரி மட்டும் பில்ட் பண்ண இது இல்லாமலும் நடக்கும், ஆனா இதைப் பண்ணினா டெபியன் ஃபோல்டருக்குள்ள பேட்சஸ்ல ஒரு ஃபைலா உக்காந்துக்கும், அடுத்த வெர்ஷன் வரும்போது அதை எடுத்து அப்படியே வச்சுக்கலாம். அப்புறம் டிசிஎச், ஸ்பேஸ், ரெண்டு ஹைஃபன் லோக்கல், ஸ்பேஸ், கடை. இது வெர்ஷன் நம்பருக்குப் பின்னாடி கடை1னு ஒட்டிடும், எது நம்ம பேக்கேஜ் எது அவங்களுதுன்னு பாத்த ஒடனே தெரியும். பில்ட் பண்ண,

டிபிகேஜி ஹைஃபன் பில்ட்பேக்கேஜ், அப்புறம் ஹைஃபன் பி, ஹைஃபன் யுஎஸ், ஹைஃபன் யுசி

பழைய மெஷின்னா கொஞ்சம் நேரம் எடுக்கும், கரண்ட் போற நேரம் பாத்து ஆரம்பிக்காதீங்க. நடுவுல டெஸ்ட் ஃபெயில் ஆகி நின்னா, கமாண்டுக்கு முன்னாடி பெரிய எழுத்துல டெப் பில்ட் ஆப்ஷன்ஸ், ரெண்டு எடத்துல அண்டர்ஸ்கோர், ஈக்குவல் டு, சின்ன எழுத்துல நோசெக் போட்டு திரும்ப விடுங்க. முடிஞ்சா ஒரு ஃபோல்டர் மேல டெப் ஃபைலெல்லாம் வந்திருக்கும். மாறினது என்னவோ பேக்கெண்ட்ஸ்தான், ஆனா அது மத்ததெல்லாம் அதே வெர்ஷன்ல வேணும்னு கேக்கும், அதனால ஒண்ணொண்ணா போட்டு மல்லுக்கட்டாம சோர்ஸ் ஃபோல்டர்ல நின்னே சூடோ டெபி, ஸ்பேஸ், ரெண்டு ஹைஃபன் அப்கிரேட்னு குடுங்க, மெஷின்ல ஏற்கனவே இருக்கறதை மட்டும் மாத்தும். ரீஸ்டார்ட் பண்ணிட்டு எஸ்எம்பி://கொள்ளிடம் அடிங்க, பாஸ்வேர்ட் கேட்டா குடுங்க, லிஸ்ட் வரணும். வரலைன்னா ஆப்ட் பாலிசி ஜிவிஎஃப்எஸ் ஹைஃபன் பேக்கெண்ட்ஸ் போட்டு இன்ஸ்டால்ட்ங்கற எடத்துல கடைன்னு இருக்கான்னு பாருங்க, பாதிப் பேர் பில்ட் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணாம விட்டுடறாங்க.

இனிமே அப்டேட். உபுண்டு அடுத்த ஃபிக்ஸ் விட்டா அதோட வெர்ஷன் நம்மளை விடப் பெருசாத்தான் கணக்காகும், அப்டேட் மேனேஜர் சத்தமில்லாம நம்ம பேட்சைத் தூக்கிட்டு அவங்களுதை வச்சிடும். வேண்டாம்னா சூடோ ஆப்ட் ஹைஃபன் மார்க் ஹோல்ட் போட்டு மேல சொன்ன பேக்கேஜ் பேரெல்லாம் குடுங்க. ஆனா ஹோல்ட் போட்டா செக்யூரிட்டி ஃபிக்ஸும் வராது, அதனால அப்டேட் பண்றப்பெல்லாம் "கெப்ட் பேக்"னு ஜிவிஎஃப்எஸ் காட்டுதான்னு பாருங்க, காட்டினா ஹோல்டை எடுத்து, புது சோர்ஸை இறக்கி, அதே வரியை மாத்தி திரும்ப பில்ட் பண்ணணும். பேட்சே வேண்டாம்னு தோணினா அன்ஹோல்ட் குடுத்துட்டு, இறக்கி வச்ச பழைய டெப் ஃபைலெல்லாத்தையும் சூடோ டிபிகேஜி ஹைஃபன் ஐ போட்டு ஒரே வரியில குடுங்க, டவுன்கிரேட் ஆகுதுன்னு வார்னிங் வரும், வரட்டும்.