சயரோகம்: இரத்த ரிப்போட்டை நம்பிச் சளியை மறக்காதீர்கள்

புதுக்குடியிருப்புப் பக்கத்து ஐயா ஒருவருக்கு ஒன்றரை மாதமாக இருமல். ரிப்போட்டை நாலாக மடித்து ஷொப்பிங் பைக்குள் வைத்திருந்தார். “இரத்தம் எல்லாம் பார்த்தாச்சு தம்பி, கசம் (சயரோகம்) இல்லையாம்.” விரித்துப் பார்த்தேன். ஹீமோகுளோபினும், உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ஈஎஸ்ஆரும்தான் இருந்தன. சளியை யாரும் பார்க்கவே இல்லை.

வன்னியில் நான் அடிக்கடி காணும் தவறு இது. ஈஎஸ்ஆர் மூட்டுவாதத்துக்கும் ஏறும். சயரோகம் உள்ள சிலருக்கு ஏறாமலும் இருக்கும். நுரையீரல் சயரோகத்தில் கிருமி குடியிருப்பது நெஞ்சில். இரத்தத்தில் தேடினால் பெரும்பாலும் அகப்படாது.

சரி, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடலாமே? அப்படி வந்த சோதனைகள் நோயாளியைத் தவறவிட்டன, நோயில்லாதவரைப் பிடித்தன. 2011இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றைப் பாவிக்கவே வேண்டாம் என்றது. மலிவென்று யாராவது சொன்னாலும் காசைக் கொடுக்காதீர்கள்.

இரத்தத்தில் செய்யும் குவான்டிஃபெரோன் நல்ல சோதனைதான். ஆனால் கிருமி உடம்புக்குள் போயிருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். அது உறங்குகிறதா, நோயாக எழும்பிவிட்டதா என்று பிரிக்காது.

இப்போது நடக்கும் ஆய்வில் எனக்கு உண்மையாகவே நம்பிக்கை உண்டு. கிருமியை விட்டுவிட்டு, அதனோடு மல்லுக்கட்டும் வெண்குருதிக் கலங்களில் எந்த மரபணுக்கள் முடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஆர்என்ஏ என்னும் மரபணுப் பிரதியில் பார்க்கிறார்கள். விரல் நுனி இரத்தமே போதும், மூன்று மரபணுக்களை அளந்து சொல்லும் சோதனையும் வந்திருக்கிறது. சளி துப்பத் தெரியாத குழந்தைகளுக்கு இது கைகொடுக்கக்கூடும். ஆனாலும் இது யாருக்கு மேற்கொண்டு சோதனை வேண்டும் என்று முதலில் சலித்தெடுக்கத்தான். அப்படிப்பட்ட சோதனைக்கு 2014இல் வகுத்த இலக்கே, 100 நோயாளிகளில் 90 பேரையாவது பிடிக்கவேண்டும், நோயில்லாத 100 பேரில் 70 பேரையாவது விலக்கவேண்டும் என்பதுதான். மீதி 30 பேருக்கு வீணாக மருந்து கொடுக்கலாமா?

அதனால் இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் அரச வைத்தியசாலையில் சளியைக் கொடுங்கள். ஜீன்எக்ஸ்பேர்ட் இயந்திரம் இரண்டு மணித்தியாலத்தில் கிருமியையும், அது ரிஃபாம்பிசின் என்னும் முக்கிய சயரோக மருந்துக்கு அடங்குமா என்பதையும் காட்டிவிடும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. விடிய எழும்பி, வாயைக் கொப்பளித்து, முற்றத்தில் தள்ளி நின்று, மூச்சை ஆழ இழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுக்கவேண்டும்.

ஐயாவின் டப்பாவில் முதல்நாள் வெறும் நுரை. அடுத்த நாள் கெட்டியான மஞ்சள் சளி. அதில் கிருமி இருந்தது. இப்போது நாலாம் மாத மருந்து. இருமலும் இல்லை, ஈஎஸ்ஆரும் இறங்கிவிட்டது. “இனி நிப்பாட்டலாமோ தம்பி?” என்று போன கிழமை கேட்டார். இல்லை ஐயா, ஆறு மாதமும் போடவேணும்.